ஸ்டென்ட்டுக்குள் வளரும் தசை

திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகம் கோவில் குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் 'பிளாக்', 'ஸ்டென்ட்' என்ற சொற்களை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சர்க்கரையும் பிரஷரும் மிகுந்த மாநிலம் கேரளம். சில கிலோமீட்டர் தள்ளி மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் இதய சிகிச்சைக்குப் பெயர்பெற்ற ஸ்ரீ சித்திரா மருத்துவ நிறுவனம் இருக்கிறது. ஆனால் தமனியைத் திறந்து வைக்கும் கம்பி வலையான ஸ்டென்ட்டை வைத்த இடத்திலேயே ஆறு மாதத்தில் மறுபடி அடைத்துவிட்டால், "வாயைக் கட்டச் சொன்னோமே, கேட்டாரா?" என்று வீட்டில் நோயாளியைத்தான் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் இது அநியாயமான பழி. அவ்வளவு சீக்கிரம் வரும் அடைப்பில் மிகுதியாக இருப்பது கொழுப்பு அல்ல. அவருடைய சொந்த இரத்தக்குழாயின் தசைச் செல்கள்.

தமனிச் சுவரின் நடு அடுக்கில் இருப்பவை மென்தசைச் செல்கள். சுருங்கியும் தளர்ந்தும் குழாயின் விட்டத்தை மாற்றி, இரத்த அழுத்தத்தைக் காப்பது அவற்றின் அன்றாட வேலை. வளர்ந்த மனிதரிடம் அவை அநேகமாகப் பெருகுவதே இல்லை. இதயத் தசைச் செல்லிடம் இல்லாத ஒரு திறமை மட்டும் இவற்றுக்கு உண்டு. காயம் பட்டால் சுருங்கும் தொழிலை விட்டுவிட்டு, நகரவும் பெருகவும் கொலாஜன் போன்ற நார்ப்பொருளைச் சுரக்கவும் தொடங்கிவிடும். இந்தத் திறமை இல்லாவிட்டால் கிழிந்த தமனி ஆறாது. விரிசலைப் பூச வந்த கொத்தனார், போதும் என்று சொல்ல ஆளில்லாமல் பூசிக்கொண்டே போய் நடையையே அடைத்துவிட்டால் எப்படியோ, அப்படித்தான் இங்கேயும் கேடு வருகிறது.

தொடங்கச் சொல்வது யார்? 1974-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ரஸ்ஸல் ராஸும் கூட்டாளிகளும் இதற்கு விடை கண்டார்கள். இரத்தத் தட்டுகள் தம் சரக்கை அவிழ்த்துவிட்ட சீரத்தில் தமனியின் மென்தசைச் செல்கள் செழித்துப் பெருகின. தட்டுகளை முன்கூட்டியே நீக்கிய இரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தில் சும்மா இருந்தன. தட்டுகளிலிருந்து வரும் அந்தப் பொருளுக்குப் பின்னால் பி.டி.ஜி.எஃப். என்று பெயர் வந்தது. குழாயின் உள்படலம் உரிந்த இடத்தில் தட்டுகள் ஒட்டுகின்றன, அந்தப் பொருள் வெளிப்படுகிறது, அடியில் இருக்கும் தசை விழித்துக்கொள்கிறது.

பி.டி.ஜி.எஃப். செல்லுக்குள் நுழைவதில்லை. செல்லின் மேற்பரப்பில் நிற்கும் இரண்டு ஏற்பிகளைச் சேர்த்துப் பிடிக்கிறது, அவ்வளவுதான். சேர்ந்த ஏற்பிகள் உட்புறத்தில் ஒன்றன்மேல் ஒன்று பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்ள, அங்கிருந்து செய்தி பல வழிகளில் உள்ளே போகிறது. ராஸ், ராஃப், மெக், எர்க் என்ற புரதங்கள் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டே போவது ஒரு வழி. அதன் முடிவில், செல் பிளவுக்கு வேண்டிய மரபணுக்கள் இயங்குகின்றன. இன்னொரு வழி ஏ.கே.டி. வழியாக எம்டார் என்ற புரதத்தை அடைகிறது. செல் பிரிய வேண்டுமானால் முதலில் பருக்க வேண்டும். அதற்குரிய புரதத் தயாரிப்பை முடுக்கிவிடுவது எம்டார்தான். இரத்த அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சினும் வேறொரு ஏற்பி வழியாக இதே வளர்ச்சிப் பாதைகளைத் தூண்டுகிறது. எதிர்ப்பக்கத்தில், உள்படலம் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு தசையைத் தளர்த்துவதோடு வளர்ச்சியையும் அடக்கி வைக்கிறது. ஆகவே உள்படலம் உரிவது இரட்டை நஷ்டம்: தூண்டுதல் வந்து சேர்கிறது, தடை போய்விடுகிறது.

1977-இல் ஜூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருண்ட்சிக் முதன்முதலாக இதயத் தமனியைப் பலூனால் விரித்தார். அவரிடம் பயின்ற கோட்டயத்துக்காரர் மேத்யூ சாமுவேல் களரிக்கல், 1980-களில் சென்னையில் இம்முறையை நம் நாட்டில் வேரூன்றச் செய்தார். பலூன் விரிக்கும்போதே உள்படலத்தைச் சிதைக்கிறது. அதனால் மூன்றில் ஒருவருக்கு மறுபடி சுருங்கியது. வெறும் உலோக ஸ்டென்ட் வந்த பிறகும் நான்கில் ஒருவருக்குக் கம்பி வலைக்குள் தசை வளர்ந்தது.

விடை ஈஸ்டர் தீவின் மண்ணில் இருந்தது. அங்கிருந்து வந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து ராபமைசினைப் பிரித்தெடுத்தது மான்ட்ரியலில் சுரேந்திரநாத் சேகல் நடத்திய ஆய்வுக்குழு. அவர் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1980-களில் அவர் வேலை பார்த்த மருந்துக் கம்பெனி மான்ட்ரியல் ஆய்வுக்கூடத்தை மூடியபோது, மருந்தைக் கைவிட மனமின்றிக் குப்பிகளை வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காத்தார். இந்தப் பிடிவாதத்துக்கு இதய நோயாளிகள் நிறையவே கடன்பட்டிருக்கிறார்கள். ராபமைசின் தடுப்பது எம்டாரை. தசைச் செல் பிளவுக்குப் புறப்படும் வாசலிலேயே நின்றுவிடுகிறது. 1999-இல் பிரேசிலில் இம்மருந்து பூசிய ஸ்டென்ட் முதன்முறையாக மனிதருக்கு வைக்கப்பட்டது. மறு அடைப்பு பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. 2003 ஏப்ரலில் அமெரிக்க அரசு அதை அனுமதித்தது. சேகல் அந்த ஜனவரியில்தான் காலமாகியிருந்தார். நம் நாட்டில் மருந்து பூசிய ஸ்டென்ட் லட்ச ரூபாய்க்கு மேலும் விற்றுவந்தது. 2017 பிப்ரவரியில் அதற்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வந்தது பெரிய ஆறுதல்.

ஆனால் எம்டார் தசைக்கு மட்டும் சொந்தமானதல்ல. உரிந்த இடத்தை மூட வேண்டிய உள்படலச் செல்லுக்கும் அது தேவை. அதனால் மருந்து பூசிய கம்பி, வெறும் கம்பியைவிட அதிக காலம் மூடப்படாமல் இரத்தத்தில் நிற்கிறது; தட்டுகள் அதில் ஒட்டினால் திடீரென்று உறைகட்டி வரும். ஆஸ்பிரினோடு குளோபிடோகிரல் மாத்திரையையும் மாதக்கணக்கில் எழுதிக்கொடுப்பது இதற்காகத்தான். உடம்பு நன்றாக இருக்கிறதென்று அதைத் தாமாக நிறுத்துவதுதான் ஆபத்து. இன்றைய ஸ்டென்ட்டுகளில் அதிகம் பூசப்படும் எவரோலிமஸும் சோடாரோலிமஸும் ராபமைசினின் நெருங்கிய உறவுகளே. கம்பியை மெல்லியதாக்கியும் பூச்சை மாற்றியும் மூடும் தாமதத்தைக் குறைத்திருக்கிறார்கள்; ஆனால் அந்த மருந்துகள் தடுப்பதென்னவோ அதே எம்டாரைத்தான்.