சால்மனுக்கு ஓர் உறவு மூணாற்றில்

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு செல்லும் சாலையில் கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியைக் கடந்தால் தமிழகம் முடிந்து பாலக்காடு மாவட்டம் தொடங்குகிறது. முதலமடையின் மாந்தோப்புகளும், மீன்கரை அணையும், தெற்கே நீண்டு கிடக்கும் ஆனைமலைத் தொடரும் இப்பகுதி வாடிக்கையாளர்களுக்கு நன்கு அறிமுகமானவை. இங்குள்ள குளக்கரைகளில் மண்புழுவைக் கோத்த தூண்டிலுடன், தக்கை அசைவதற்காகக் காத்திருப்போரை எந்த மாலையிலும் காணலாம். அவர்கள் எதிர்பார்ப்பது பெரும்பாலும் ஒரு ஜிலேபிக் கெண்டையைத்தான்.

இன்று நம் குடும்பங்களில் பலர் கடல் கடந்து வாழ்கின்றனர். கனடாவில் இருக்கும் உறவினர் ஒருவர், சிறு படகில் கடலுக்குச் சென்று தாம் பிடித்த சால்மன் மீனின் படத்தைக் கைப்பேசியில் அனுப்பினால், “இந்த மீன் நம் கடலில் ஏன் கிடைப்பதில்லை?” என்ற கேள்வி எழுவது இயல்பே. அதற்குரிய விடை நம்மைக் கடற்கரைக்கு அன்று, மலைக்கு அழைத்துச் செல்கிறது. சால்மன் குலத்தைச் சேர்ந்த ஒரு மீன், கோவிந்தாபுரத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தால் நூறு கிலோமீட்டருக்குள், இடுக்கி மாவட்டத்து ஓடைகளில் வாழ்ந்துவருகிறது.

கடலில் ஒரு சிறு படகு

சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காகப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் மீன். கனடாவின் மேற்குக் கரையில் வாழும் ஐந்து வகைப் பசிபிக் சால்மன்களும் முட்டையிட்டபின் இறந்துவிடுகின்றன. அவை ஆற்று முகத்துவாரங்களை நோக்கிக் கரையோரமாக வரும் பருவமே பொழுதுபோக்கு மீன்பிடிப்போருக்கு உரிய காலம். படகை மிக மெதுவாகச் செலுத்திக்கொண்டு, அதன் பின்னால் இரையை இழுத்துச் செல்வது வழக்கம். சில வகைச் சால்மன்கள் ஆழத்தில் இரை தேடுவதால், சில கிலோ எடையுள்ள ஈயக்குண்டு ஒன்றைக் கம்பியில் இறக்கித் தூண்டில் நரம்பை அவை உள்ள ஆழத்துக்குக் கொண்டுசெல்வர். மீன் கடித்தவுடன் நரம்பு குண்டின் பிடியிலிருந்து விடுபட்டுவிடும்.

பொழுதுபோக்கு என்றாலும் இதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலக் கடலில் சால்மன் பிடிக்க உரிமம் பெற வேண்டும். விடுவிக்கும் மீனுக்குக் காயம் குறையுமாறு எதிர்முள் இல்லாத தூண்டில் முள்ளையே பயன்படுத்த வேண்டும். சினூக் எனப்படும் பெரிய சால்மனை வைத்துக்கொண்டால் அதை உரிமத்தில் உடனே பதிவு செய்ய வேண்டும்.

வெப்பம் என்னும் வேலி

நம் கடலில் சால்மன் இல்லாமைக்குக் காரணம் வெப்பமே. சால்மன் குலத்து மீன்கள் சுறுசுறுப்பானவை. அவற்றுக்கு உயிர்வளி மிகுதியாகத் தேவை. நீர் வெப்பமடைய வெப்பமடைய, அதில் கரைந்து நிற்கும் உயிர்வளி குறையும். கடல் மட்டத்தில் 10 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 11 மில்லிகிராம் உயிர்வளி கரைந்து நிற்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகச் சுருங்கிவிடும். வெப்பம் ஏறும்போது மீனின் உடல் கேட்கும் உயிர்வளியோ கூடிக்கொண்டே போகும். வரவு குறைந்து செலவு பெருகும் குடும்பத்தின் நிலை போன்றது இது. நம் கரையோரக் கடலின் மேற்பரப்பு நீர் ஆண்டின் பெரும்பகுதியில் 26 முதல் 30 டிகிரி வரை இருப்பதால், சால்மன் இங்கே நிலைபெற இயலாது.

சந்தையில் ‘இந்தியன் சால்மன்’ என்ற பெயரில் விற்கப்படும் மீனைப் பற்றிச் சிலர் கேட்கலாம். அது நம் மீனவர் காலா என அழைக்கும் மீன். சுவையில் சிறந்தது; ஆனால் சால்மனுக்கும் அதற்கும் குல உறவு ஏதுமில்லை.

பனிக்கட்டியில் பயணம் செய்த முட்டைகள்

கடல் வழியாக வர இயலாத குலம் மலைக்கு எவ்வாறு வந்தது? மனிதர்களே கொண்டுவந்தனர். பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் பணியாற்றிய ஆங்கிலேயர் பலர், தம் ஊர் ஓடைகளில் பிடித்துப் பழகிய டிரௌட் மீனைச் சென்ற இடங்களிலும் வளர்க்க விரும்பினர். டிரௌட்டும் சால்மனும் ஒரே குலம். உயிருள்ள மீனை வெப்ப மண்டலக் கடல் வழியே கொண்டுசெல்வது அரிது. முட்டைகளைக் குளிரில் வைத்தால் அவற்றின் வளர்ச்சி மெதுவாகும் என்பதே வழியாயிற்று. 1864ஆம் ஆண்டு ‘நார்போக்’ என்னும் கப்பல், ஈரப்பாசியில் பொதிந்த சால்மன், டிரௌட் முட்டைகளைப் பனிக்கட்டிகளுக்கு அடியில் வைத்து, இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு எடுத்துச் சென்றது. அம்முட்டைகள் டாஸ்மேனியாத் தீவில் பொரிந்தன. சால்மன் குஞ்சுகள் வளர்ந்து, தம் இயல்புப்படி கடலுக்குச் சென்றன, திரும்பி வரவில்லை. ஓடையிலேயே தங்கிய டிரௌட் நிலைபெற்றது. மலை ஓடைகளுக்கு டிரௌட்டே ஏற்றது என்பதற்கு இது ஒரு சான்று.

இலங்கையின் நுவரெலியாவில் 1882ஆம் ஆண்டு பழுப்பு டிரௌட் கொண்டுவரப்பட்டது. நீலகிரியில் 1860களில் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே மேற்கொண்ட முயற்சிகள் பலிக்கவில்லை. பின்னர், சென்னை மாகாண அரசின் மீன்வளர்ப்பு வல்லுநராக இருந்த எச். சி. வில்சன், 1907ஆம் ஆண்டு அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் ஒன்றை நிறுவினார். அங்கே நிலைத்தது வானவில் டிரௌட். உடலின் இருபுறமும் இளஞ்சிவப்புப் பட்டை ஓடுவதால் அதற்கு இப்பெயர். உதகைக்கு மேற்கே உள்ள ஓடைகளிலும் நீர்த்தேக்கங்களிலும் அது இன்றும் வாழ்கிறது. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களை நடத்திய ஆங்கிலேயரும் உயர்மலை ஓடைகளில் டிரௌட் குஞ்சுகளை விட்டனர். ராஜமலையில் பொரிப்பகம் அமைந்தது. தூண்டில் ஆர்வலருக்கென ‘ஹைரேஞ்சு ஆங்லிங் அசோசியேஷன்’ என்ற சங்கமும் உருவாயிற்று.

வானவில் டிரௌட்டை அறிவியலார் நெடுங்காலம் அட்லாண்டிக் சால்மனின் பேரினத்தில் வைத்திருந்தனர். 1989ஆம் ஆண்டு அது பசிபிக் சால்மன்களின் பேரினத்துக்கு மாற்றப்பட்டது. அதன் தாயகமான அமெரிக்கக் கண்டத்தின் மேற்குக் கரையில் இவ்வினத்து மீன்களுள் ஒரு பகுதி கடலுக்குச் சென்று வளர்ந்து ஆற்றுக்குத் திரும்புகிறது. மூணாற்று மீனுக்கு அவ்வழி இல்லை. கீழே உள்ள சமவெளியின் வெப்ப நீர் அதற்கு மதிற்சுவர். கடலுக்குப் போகும் இயல்பு கொண்ட ஓர் இனம் இங்கே குளிர்நீராலான ஒரு தீவுக்குள் வாழ்கிறது.

நரம்பை வீசும் கலை

டிரௌட் பிடிக்கும் முறை, குளக்கரைத் தூண்டிலிலிருந்து பெரிதும் வேறுபட்டது. வழக்கமான தூண்டிலில் ஈயக்குண்டின் எடையே நரம்பைத் தொலைவுக்கு இழுத்துச் செல்கிறது. டிரௌட்டுக்கு உரிய முறையில் இரை என்பது இறகும் நூலும் கொண்டு முள்ளின் மேல் கட்டிய போலிப் பூச்சி. அதற்கு எடையே இல்லை எனலாம். ஆகவே நரம்பையே தடிமனாகவும் கனமாகவும் செய்திருப்பர். கோலை முன்னும் பின்னும் வீசும்போது நரம்பு காற்றில் வளைந்து நீண்டு, பூச்சியை நீரின்மேல் மெல்ல இறக்கும்.

ஓடும் நீரில் மிதந்து வரும் இரைக்காக டிரௌட் நீரோட்டத்தை எதிர்நோக்கியே நிற்கும். எனவே அனுபவமுள்ளோர் ஓடையின் கீழ்ப்புறத்திலிருந்து, மீனுக்குப் பின்னால், மேல்நோக்கி நடப்பர். கரையில் கனமாகக் கால் வைத்தாலும், நிழல் நீரில் விழுந்தாலும் மீன் விலகிவிடும். நெடுநேரம் முயன்றும் ஒன்றும் கிடைக்காமல் திரும்புவது இதில் புதிதன்று.

ஓடையைக் காப்பது சோலை

கோவிந்தாபுரத்திலிருந்து மூணாற்றுக்கு வாகனத்தில் செல்வோர், பொள்ளாச்சிக்குத் திரும்பி, உடுமலைப்பேட்டை வழியாகச் சென்று, சின்னாறு சோதனைச் சாவடியில் மீண்டும் மாநில எல்லையைக் கடக்க வேண்டும். முட்காடு, மறையூரின் சந்தன மரங்கள், தேயிலைத் தோட்டங்கள், இறுதியில் இரவிகுளத்தின் புல்வெளி என ஒரே நாளில் நிலம் நான்கு முறை மாறும். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். உயரத்தில் காற்றழுத்தம் குறைவாதலால் நீரில் கரையும் உயிர்வளியும் சற்றுக் குறையும். பாறைகளில் மோதி நுரைத்து விழும் ஓட்டமே அக்குறையை ஈடுசெய்கிறது.

ஓடை கோடையிலும் குளிர்ந்து ஓடுவதற்குக் காரணம் மேலே உள்ள புல்வெளியும், பள்ளங்களில் அடர்ந்த சோலைக்காடும் ஆகும். மழைநீரை மண்ணில் தேக்கி, மழையற்ற மாதங்களில் சிறிது சிறிதாக விடுவிப்பவை அவை. சோலை மரங்களின் நிழல் நீர்மேல் வெயில் படாமல் காக்கிறது. சோலை அழிந்த சரிவில் ஓடை வெள்ளத்தில் கலங்கும்; கோடையில் மெலிந்து சூடேறும். வானவில் டிரௌட்டுக்கு 10 முதல் 18 டிகிரி வரை உள்ள நீர் உகந்தது. 20 டிகிரியைத் தாண்டினால் வாடத் தொடங்கும். 25 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் பெரும்பாலும் உயிர் பிழைப்பதில்லை.

இங்கே ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்றால், ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 150 மீட்டர். உலக வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால், குளிர்நீரின் கீழெல்லை ஏறத்தாழ அவ்வளவு உயரம் மேலே நகர வேண்டியிருக்கும். ஆனைமுடியின் உயரமோ 2,695 மீட்டர்தான். மலைக்கு உச்சி உண்டு. அதற்குமேல் ஏறுவதற்கு மீனுக்கு ஓடை இல்லை. இது டிரௌட்டுக்கு மட்டும் உரிய நெருக்கடியன்று. உயர்மலைக் குளிரை நம்பி வாழும் நம் மண்ணுக்கே உரிய உயிர்கள் யாவற்றுக்கும் பொருந்துவது. அதே ஓடைகளை நம்பியிருக்கும் கீழ்நிலத்து உழவருக்கும் பொருந்துவது.

மண்ணின் மீன்

டிரௌட்டின் அழகைப் புகழும்போது மறுபக்கத்தையும் கூறுவதே நேர்மை. உலகின் மிகத் தீங்கான நூறு அயல் ஊடுருவல் உயிரினங்கள் எனப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர்கள் வெளியிட்ட பட்டியலில் வானவில் டிரௌட்டும் பழுப்பு டிரௌட்டும் இடம்பெற்றுள்ளன. புதிய நீரில் விட்டால் அங்குள்ள சிறு மீன்களையும் தவளைக் குஞ்சுகளையும் உண்டுவிடும் என்பதே காரணம். நம் மலைகளில் அது எங்கும் பரவாமல் இருப்பதற்குக் கீழ்நிலத்து வெப்பமே பெரிதும் துணை நிற்கிறது.

இதே மலைகளிலிருந்து இறங்கிச் சின்னாறு வழியாக அமராவதிக்குச் செல்லும் பாம்பாற்றில், திமில் மகாசீர் என்னும் நம் நாட்டு மீன் வாழ்கிறது. காவிரி ஆற்றுத் தொகுதியில் அன்றி உலகில் வேறெங்கும் இயல்பாக இல்லாத இப்பெருமீனை, மிக அருகிவிட்ட இனமாக அவ்வொன்றியம் 2018ஆம் ஆண்டு அறிவித்தது. தூண்டில் ஆர்வலர் உலகெங்கும் விரும்பும் மீன் அது. பனிக்கட்டியில் வைத்து ஒரு மீனைக் கடல் கடத்திய உழைப்பில் ஒரு பகுதியேனும் இந்த மண்ணின் மீனுக்கும் கிடைக்க வேண்டும் என்பது நம் எண்ணம்.

செல்லுமுன் அறிய வேண்டியவை

இரவிகுளம் 1978ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்கா. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது. வனத்துறையின் அனுமதியின்றி அதற்குள் நுழைவதும், அங்குள்ள உயிர்களைப் பிடிப்பதும் குற்றமாகும். வரையாடுகள் குட்டி ஈனும் பருவத்தில், பொதுவாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், ராஜமலை பார்வையாளருக்கு மூடப்படும். பூங்காவுக்கு வெளியே உள்ள ஓடைகள் பல தோட்ட நிலங்கள் வழியே செல்பவை. அங்கும் முன்கூட்டியே உரியோரின் அனுமதி பெற வேண்டும். நீலகிரியில் மீன்வளத் துறையையும் வனத்துறையையும் அணுக வேண்டும்.

அனுமதி பெற்று மீன் பிடிப்போர், விடுவிக்க எண்ணும் மீனைத் தொடுமுன் கையை நீரில் நனைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த கை பட்டால் மீனின் உடலைக் காக்கும் வழவழப்பான படலம் உரிந்து, நோய் பற்றும். மீனை நீருக்கு வெளியே நெடுநேரம் வைத்திருத்தல் கூடாது. மீன்களையோ முட்டைகளையோ ஓர் ஓடையிலிருந்து மற்றோர் ஓடைக்கு எக்காரணம் கொண்டும் கொண்டுசெல்லக் கூடாது.

முதலைத் தொடாமல் வட்டியில் வாழ்வது சிக்கனத்தின் முதற்பாடம் என்பதை வாடிக்கையாளர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஓடையில் முட்டையிடும் மீன்களே முதல்; அவை ஆண்டுதோறும் தரும் பெருக்கமே வட்டி. அந்த முதலையும் தாங்கி நிற்கும் நிலமாக இருப்பது சோலை. அடுத்த முறை மூணாறு செல்லும்போது, பாலத்தின் மேல் சற்று நின்று, ஓடும் நீரில் கைவிரலை நனைக்க இயலாவிட்டாலும், அது வரும் திசையை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். அங்கே பள்ளத்தில் கருத்து அடர்ந்து தெரிவது சோலை. அது இருக்கும் வரையில் இந்த நீர் குளிர்ந்திருக்கும்.