பீரங்கி உண்டு, குண்டு இல்லை!

அமெரிக்கக் கடற்படையின் 'ஜம்வால்ட்' வகைக் கப்பல்களே நாசகாரிப் போர்க்கப்பல்களில் உலகின் மிகப் பெரியவை. நீளம் 186 மீட்டர். எடை ஏறத்தாழ 16,000 டன். நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள இலக்கையும் தாக்கும் நோக்குடன் ஒவ்வொன்றிலும் இரண்டு பெரும் பீரங்கிகள் பொருத்தப்பட்டன. முதல் கப்பல் 2016 அக்டோபரில் பணியில் சேர்ந்தது. அந்தப் பீரங்கிகளுக்கான குண்டுகளை வாங்கும் திட்டத்தைக் கடற்படை கைவிடுகிறது என்ற செய்தி அடுத்த மாதமே வெளியானது.

பாதுகாப்புக்காக உலகிலேயே மிக அதிகமாகச் செலவிடும் நாட்டில் இது எப்படி நேர்ந்தது? பொறியாளர்களின் தோல்வி என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. பல ஆண்டுகள் பொருளியல் கற்பித்த எனக்கு இது வேறுவிதமாகத் தெரிகிறது. முதலாண்டு மாணவர்களுக்குக் கற்பிக்கப்படும் மாறாச் செலவு, சராசரிச் செலவு என்னும் எளிய பாடம், ஒரு போர்க்கப்பலின் உருவில் இங்கே எழுந்து நிற்கிறது. அதைப் புரிந்துகொள்ள, முதலில் அந்தக் கப்பலைப் புரிந்துகொள்ள வேண்டும்.

கரையில் இறங்கிப் போரிடும் வீரர்களுக்குக் கடலிலிருந்து பீரங்கித் துணை வேண்டும் என்பது அமெரிக்காவின் நீண்டகாலக் கோட்பாடு. 1991 வளைகுடாப் போரில் 'மிசௌரி', 'விஸ்கான்சின்' ஆகிய பழம்பெரும் போர்க்கப்பல்கள் தங்கள் 406 மி.மீ. பீரங்கிகளால் அப்பணியைச் செய்தன. போர் முடிந்த சிறிது காலத்திலேயே அவை ஓய்வு பெற்றன. மற்றக் கப்பல்களில் இருந்த 127 மி.மீ. பீரங்கிகளின் எட்டும் தொலைவு ஏறத்தாழ 24 கிலோமீட்டர்தான். இந்த வெற்றிடத்தை நிரப்பவே 1990-களில் புதிய நாசகாரித் திட்டம் உருவானது. 1970 முதல் 1974 வரை கடற்படைத் தலைமைத் தளபதியாக இருந்த எல்மோ ஜம்வால்ட்டின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. மொத்தம் 32 கப்பல்கள் கட்டுவதாகத் திட்டம்.

பீரங்கி ஒன்றை மட்டும் புதிதாக்கியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். வடிவமைப்பாளர்கள் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் புதிதாக்க முனைந்தார்கள்.

உடலமைப்பை எடுத்துக்கொள்வோம். வழக்கமான கப்பலின் பக்கவாட்டுச் சுவர்கள் மேலே செல்லச் செல்ல விரியும். ஜம்வால்ட்டின் சுவர்களோ மேலே செல்லச் செல்ல உள்நோக்கிச் சாய்கின்றன. எதிரியின் ரேடார் அலைகள் வந்த திசையிலேயே திரும்பாமல் வேறு பக்கம் சிதற வேண்டும் என்பதே நோக்கம். அதனால் இந்தப் பெருங்கப்பல் ரேடார் திரையில் ஒரு மீன்பிடிப் படகின் அளவுக்கே தெரியும் என்கிறார்கள். உள்நோக்கிச் சாயும் வடிவம் முற்றிலும் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக் கடற்படை விரும்பிய வடிவம்தான். அதைப் பின்பற்றிய ரஷ்யக் கப்பல்கள் 1905-இல் ஜப்பானுடனான சுஷிமா போரில் மூழ்கியதால், இதன் நிலைத்தன்மை குறித்துக் கப்பல் வல்லுநர்களிடையே நெடுநாள் விவாதம் இருந்தது.

அடுத்தது மின்சாரம். பெரும்பாலான போர்க்கப்பல்களில் என்ஜின் நேரடியாகப் பல்சக்கரங்கள் வழியே சுழல்விசிறியை இயக்கும். ஜம்வால்ட்டில் டர்பைன்கள் முதலில் மின்சாரத்தை உற்பத்தி செய்கின்றன. மின் மோட்டார்கள் கப்பலைச் செலுத்துகின்றன. மொத்தம் 78 மெகாவாட். கப்பல் மெதுவாகச் செல்லும்போது மிஞ்சும் மின்சாரத்தை ரேடாருக்கோ, எதிர்காலத்தில் வரக்கூடிய லேசர் ஆயுதத்துக்கோ திருப்பிவிடலாம்.

தீயணைப்பிலிருந்து குண்டு நிரப்புவது வரை பல வேலைகள் தானியங்கி முறைக்கு மாற்றப்பட்டன. அதே கடற்படையின் 'ஆர்லி பர்க்' வகை நாசகாரிகளுக்கு 300 பேருக்கு மேல் தேவை. அவற்றைவிட மிகப் பெரிய ஜம்வால்ட்டுக்கு, விமானப் பிரிவு நீங்கலாக, ஏறத்தாழ 150 பேர் போதும். 80 ஏவுகணைக் குழாய்களைக் கப்பலின் நடுவில் குவித்து வைக்காமல், விளிம்புகளை ஒட்டி அமைத்தார்கள். எதிரியின் தாக்குதலில் ஒரு குழாய் வெடித்தாலும், வெடிப்பின் வேகம் வெளிப்புறமாகப் போகும்; உள்ளே இருப்பவர்கள் பிழைப்பார்கள். மாலுமிகளின் உயிரைக் கருதிய நல்ல ஏற்பாடு இது.

திட்டத்தின் மையம் 155 மி.மீ. பீரங்கி. நிமிடத்துக்குப் பத்துக் குண்டுகள் சுடும். அந்தக் குண்டும் சாதாரணக் குண்டன்று. ராக்கெட் உந்துதலும் செயற்கைக்கோள் வழிகாட்டலும் கொண்ட அது, 110 கிலோமீட்டருக்கும் அப்பால் சென்று குறிப்பிட்ட இடத்தில் விழும். இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. தரைப்படைகள் உலகெங்கும் பயன்படுத்தும் 155 மி.மீ. குண்டுகளை இந்தப் பீரங்கியில் இட்டுச் சுட முடியாது. இந்தப் பீரங்கிக்கென்றே அந்தக் குண்டு. அந்தக் குண்டுக்கென்றே இந்தப் பீரங்கி.

இனி எண்களுக்கு வருவோம். ஆராய்ச்சிக்கும் வடிவமைப்புக்கும் மட்டும் ஏறத்தாழ 1,000 கோடி டாலர் செலவானது. ஒரு கப்பல் கட்டினாலும் நூறு கப்பல் கட்டினாலும் இந்தத் தொகை மாறாது. 32 கப்பல்களுக்குப் பங்கிட்டால் ஒன்றின் தலையில் விழும் சுமை ஏறத்தாழ 31 கோடி டாலர். கப்பல்களின் எண்ணிக்கையோ 24 ஆகி, 7 ஆகி, இறுதியில் 3 ஆகச் சுருங்கியது. அதே செலவை மூன்றால் வகுத்தால் ஒவ்வொன்றின் பங்கு 333 கோடி டாலர். கட்டுமானச் செலவு தனியாகக் கப்பலுக்கு 400 கோடி டாலரைத் தாண்டியது.

இந்தச் சுருக்கத்துக்கு விலை மட்டும் காரணமன்று. உலகமும் மாறிவிட்டது. 2006-இல் லெபனான் கடற்கரைக்கு அருகே நின்ற இஸ்ரேலியப் போர்க்கப்பல் 'ஹனித்', ஹிஸ்புல்லா அமைப்பு கரையிலிருந்து ஏவிய ஏவுகணையால் தாக்கப்பட்டது. ஓர் ஆயுதக் குழுவிடமே இத்தகைய ஏவுகணை இருக்கும் காலத்தில், கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் நெருங்கி நின்று சுடும் கப்பல் எவ்வளவு பாதுகாப்பானது என்ற கேள்வி எழாமல் இராது. ஏவுகணைத் தாக்குதல்களை வானிலேயே தடுக்கும் கப்பல்களே இப்போது தேவை என்று 2008-இல் அமெரிக்க நாடாளுமன்றத்திடம் கடற்படை கூறியது. ஆர்லி பர்க் வகையையே மீண்டும் கட்டவும் முடிவெடுத்தது.

எண்ணிக்கை குறைந்ததால் சராசரி விலை உயர்ந்தது. விலை உயர்ந்ததால் எண்ணிக்கையை மேலும் குறைக்க வேண்டும் என்ற குரல் எழுந்தது. இது ஒரு சுழல். அமெரிக்காவின் பி-2 குண்டுவீச்சு விமானமும் இதே சுழலில் சிக்கி, 132-இலிருந்து 21 ஆகக் குறைந்தது. ஆயுதத் திட்டம் ஒன்றின் சராசரி விலை வரம்பு மீறி உயர்ந்தால் அதை மறுஆய்வு செய்ய வேண்டும் என்று அமெரிக்காவில் ஒரு சட்டம் உண்டு. 2010-இல் ஜம்வால்ட் அந்த வரம்பை மீறியது. திட்டம் தொடர அனுமதி கிடைத்தது. செலவைக் குறைக்க, தொலைதூர வான்பரப்பைத் துழாவும் ரேடார் கைவிடப்பட்டது. கப்பல்கள் குறைந்ததோடு, மிஞ்சிய கப்பல்களின் திறனும் குறைந்தது.

இந்தச் சுழலின் கடைசிப் பலி அந்தக் குண்டு. 32 கப்பல்களுக்காகப் பெருமளவில் தயாரிக்கப்பட்டிருந்தால் அதன் விலை தாங்கக்கூடியதாக இருந்திருக்கலாம். மூன்று கப்பல்களுக்காக மட்டும் தயாரித்தபோது ஒரு குண்டின் விலை 8 லட்சம் டாலரை எட்டியது. அன்றைய மாற்று விகிதத்தில் இது 5 கோடி ரூபாய்க்கு மேல். ஒரு கப்பலில் ஏறத்தாழ 600 குண்டுகள் வைக்கலாம். ஒருமுறை முழுமையாக நிரப்ப மட்டும் 48 கோடி டாலர் வேண்டும். 1,600 கிலோமீட்டர் செல்லும் டோமஹாக் ஏவுகணையின் விலையும் ஏறத்தாழ இதே வரிசையில் இருக்கும்போது, 110 கிலோமீட்டர் செல்லும் குண்டை யார் வாங்குவார்கள்? பேனாவும் மையும் இணைப்புப் பண்டங்கள் என்று பாடநூலில் படிக்கிறோம். மை கிடைக்காதபோது விலையுயர்ந்த பேனாவால் பயனில்லை.

2017 இறுதியில் இக்கப்பல்களின் முதன்மைப் பணி மாற்றப்பட்டது. கரையைத் தாக்குவதற்குப் பதிலாக, கடலில் எதிரிக் கப்பல்களைத் தாக்குவது. 2023-இல் ஜம்வால்ட் மிசிசிப்பி மாநிலத்தின் பாஸ்ககௌலா கப்பல் தளத்துக்குச் சென்றது. முன்பகுதிப் பீரங்கியை அகற்றிய இடத்தில் நான்கு பெரிய குழாய்களைப் பொருத்தும் வேலை அங்கே தொடங்கியது. குழாய்க்கு மூன்றாக, ஒலியைவிட ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட வேகத்தில் செல்லும் 12 ஏவுகணைகளை அவை ஏந்தும். 2024 டிசம்பரில் கப்பல் மீண்டும் நீரில் இறங்கியது. தாராளமான இடவசதியும் மின்வசதியும் கொண்ட உடல் என்பதால்தான் இந்த மறுபிறப்பு சாத்தியமானது. வடிவமைப்பாளர்களின் உழைப்பு முற்றிலும் வீணாகவில்லை என்பதை நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும்.

ஆர்லி பர்க் வகையின் கதை இதற்கு நேர்மாறானது. முதல் கப்பல் 1991-இல் பணியில் சேர்ந்தது. எழுபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் கட்டப்பட்டுவிட்டன. கட்டுமானம் இன்றும் தொடர்கிறது. அடிப்படை உடல் பெரிதும் மாறவில்லை. ஒரு தொகுதியில் ஹெலிகாப்டர் கூடம், இன்னொன்றில் புதிய ரேடார் என்று படிப்படியாக மாற்றினார்கள். ஒரு மாற்றம் பிழைத்துப்போனாலும், வரிசை முழுவதும் அதனோடு மூழ்கிவிடாது.

நம் நாட்டுக்கும் இதில் பாடம் உண்டு. மும்பை மசகான் கப்பல் தளம் 1997-இல் அளித்த 'டெல்லி'யில் தொடங்கி, 'கொல்கத்தா', 'விசாகப்பட்டினம்' வகைகள் வழியாக, 2025 ஜனவரியில் பணியில் சேர்ந்த 'சூரத்' வரை பத்து நாசகாரிகள் ஒரே மரபில் வந்தவை. அமெரிக்கக் குண்டின் கதை முடிந்த அதே 2016 நவம்பரில்தான் 'ஐஎன்எஸ் சென்னை' பணியில் சேர்ந்தது. அதன் உடலமைப்பே பெரிய மாற்றமின்றி அடுத்த நான்கு கப்பல்களுக்கும் அடிப்படையானது. காலதாமதம் நமக்கும் இருந்தது. 2003-இல் அடிக்கல் இடப்பட்ட 'கொல்கத்தா' பணியில் சேர 2014 ஆனது. மூன்று, நான்கு என்று சிறு தொகுதிகளாகக் கட்டும்போது சராசரிச் செலவு குறைய வாய்ப்பும் குறைவு. ஆனாலும் தெரிந்த உடலில் புதிய கருவியைச் சேர்க்கும் வழியை நாம் கைவிடவில்லை. அதைக் கைவிடாதிருப்பதே நல்லது.

அடுத்த தலைமுறை நாசகாரிகள் பற்றிய பேச்சு நம்மிடையே தொடங்கியுள்ளது. எவ்வளவு பெரியது, எத்தனை ஏவுகணை என்ற கேள்விகளே செய்திகளில் முன்னிற்கின்றன. வரி செலுத்தும் குடிமக்களும், அவர்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களும் வேறு மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். எத்தனை கப்பல்கள் உறுதியாகக் கட்டப்படும்? அவற்றில் எத்தனை கருவிகள் இதுவரை கடலில் சோதிக்கப்படாதவை? கப்பல்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தாலும் அவற்றின் ஆயுதங்களுக்கு வேண்டியவை நமக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்குமா? ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே இவற்றுக்கு விடை எழுதப்பட்டிருக்க வேண்டும்.