கொழுப்பும் மருந்தாகும் ஒரு நோய்

எண்ணெய்ப் பலகாரங்களைக் குறையுங்கள், வெண்ணெயை அளவோடு உண்ணுங்கள் என்று சுகாதாரப் பாட வேளைகளில் நாம் இடைவிடாது கூறி வருகிறோம். நம்மில் மிகப் பெரும்பாலோர்க்கு அது பொருத்தமான அறிவுரையே. எனினும், கொழுப்பைக் குறைத்ததாலேயே ஒருசில குழந்தைகள் நலிவுற்ற வரலாறும் உண்டு. அதனை இங்கு விளக்க விழைகிறோம்.

'சிஸ்டிக் பைப்ரோசிஸ்' என்பது தாய், தந்தை இருவர் வழியாகவும் வந்து சேரும் பிறவி நோய்; தொற்றுநோயன்று. ஐரோப்பிய வழியினரிடையே மிகுதியாகவும் நம்மவரிடையே அரிதாகவும் காணப்படுகிறது. இந்நோயில் உடலில் சுரக்கும் நீர்கள் கட்டியாகி, நுரையீரலிலும் கணையத்திலும் உள்ள நுண்குழாய்களை அடைத்துவிடுகின்றன. கணையநீர் குடலை எட்டாவிடின், உண்ட கொழுப்பு செரியாமல் மலத்தோடு கழிகிறது. கொழுப்பின் துணையோடு உடலிற் சேரவேண்டிய ஏ, டி, ஈ, கே என்னும் உயிர்ச்சத்துகளும் உடன் கழிகின்றன. குழந்தை வயிறார உண்ணும். ஆயினும் உடல் தேறாது. சளியோடும் மூச்சுத் திணறலோடும் ஓயாது போராடும் அவ்வுடலுக்கோ பிறரைவிட மிகுதியான ஆற்றல் வேண்டும். வரவு குறைவு, செலவு மிகுதி என்னும் குடும்பத்தின் நிலைதான்!

நியூயார்க் நகர மருத்துவர் டோரதி ஆண்டர்சன் அம்மையார் 1938 ஆம் ஆண்டில் இந்நோயைத் தனி நோயாக வகுத்துரைத்தார். அதன்பின் பல்லாண்டுகள் மருத்துவர்கள் கொழுப்பு குறைந்த உணவையே விதித்து வந்தனர். செரியாத கொழுப்பு வயிற்றுவலியையும் துர்நாற்றமுடைய பேதியையும் தருவதால், அதனை விலக்குவதே நன்று எனக் கருதினர். பார்வைக்கு நேர்மையான முடிவுதான். ஆனால் ஆற்றலை மிகுதியாகத் தருவது கொழுப்பே. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தர, மாச்சத்தும் புரதமும் 4 கலோரியே தருகின்றன.

கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள குழந்தைகள் மருத்துவமனையில் டக்ளஸ் குரோசியர் என்னும் மருத்துவர் 1970களின் தொடக்கத்தில் இவ்வழக்கத்தை மாற்றினார். கொழுப்புக்குத் தடையில்லை, அதனைச் செரிக்கும் நொதி மாத்திரைகளை வேண்டிய அளவு கொடுங்கள் என்றார். அதே காலத்தில் அமெரிக்காவின் போஸ்டன் நகர மருத்துவமனையொன்று பழைய முறையையே பின்பற்றியது. இரு நகர நோயாளிகளையும் ஒப்பிட்ட ஆய்வு 1988 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்களுடைய நுரையீரல் நிலை ஏறத்தாழ ஒன்றே. ஆனால் டொராண்டோவினர் உயரமாக வளர்ந்திருந்தனர். பாதிப்பேர் எட்டிய வயது போஸ்டனில் 21, டொராண்டோவில் 30. உணவொன்றே காரணமென அறுதியிட இயலாதெனினும், ஒன்பது ஆண்டு வேறுபாட்டைக் கண்டபின் மருத்துவ உலகம் வாளாவிருக்கவில்லை. கொழுப்பு நிறைந்த உணவே எங்கும் விதியாயிற்று.

அந்நொதி பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. சமய நெறிப்படி அதனை விலக்குவோர் மருத்துவரிடம் முன்னரே மனம்விட்டுப் பேசுதல் நன்று. முட்டை, பால், நெய்ச்சோறு, நிலக்கடலை என எதனை உண்ணும்போதும் அம்மாத்திரை உடன்செல்ல வேண்டும். பழத்திற்கும் வெறும் சர்க்கரைப் பானத்திற்கும் தேவையில்லை. உள்ளிருக்கும் சிறுமணிகளை மென்றுவிடக் கூடாது. மருத்துவர் குறித்த அளவை மீறுதல் குடலுக்குக் கேடு.

வயது ஏற ஏறச் சிலர்க்கு நீரிழிவும் வந்து சேர்கிறது. அப்பொழுதும் இன்சுலின் தருகின்றனரேயன்றி, பிற நீரிழிவு நோயாளிகளைப்போல் உணவைக் குறைக்கச் சொல்வதில்லை. 2019 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற கூட்டு மருந்தொன்று பலருடைய நிலையைப் பெரிதும் மாற்றியுள்ளது. அதனை உண்போரிற் சிலர் மிகையாகப் பருக்கத் தொடங்கியதால், அவர்க்கு உணவு அளவை மருத்துவர்கள் மீண்டும் திருத்தி எழுதுகின்றனர்! ஆகவே, இவ்வுணவுமுறையை அண்டை வீட்டார் சொற்கேட்டுத் தாமே வகுத்துக்கொள்ளலாகாது.

இனி உப்பு. 1940களின் பிற்பகுதியில் நியூயார்க்கைக் கடும் வெப்பம் தாக்கியபோது, மயங்கி விழுந்த குழந்தைகளிற் பலர் இந்நோயினராக இருந்தனர். இவர்கள் வியர்வையில் உப்பு மிகுதியாக வெளியேறுகிறது என்பதை 1953 ஆம் ஆண்டில் டி சான்டாக்னீசி என்னும் மருத்துவர் எடுத்துரைத்தார். வியர்வையை ஆய்ந்தே இந்நோயை உறுதிசெய்யும் முறை இன்றும் வழக்கில் உள்ளது. அங்கே சில நாள் அடித்த வெப்பம், நமக்கு ஆண்டு முழுதும் உண்டு. இத்தகைய மாணவர் ஒருவர் எந்தப் பள்ளியில் பயின்றாலும், விளையாட்டுப் போட்டி நாளன்று அவருக்கு வெறுந்தண்ணீர் போதாது. மருத்துவர் குறித்த அளவு உப்பு கலந்த நீரும், உப்பிட்ட தின்பண்டமும் திடலோரத்தில் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.