ஆயிரம் பேருக்கு ஒரே நாளில் பாஸ்வேர்டு

ராணிப்பேட்டையில் தொடங்கி மேல்விஷாரம், வேலூர், ஆம்பூர் வழியாக வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டி நீள்கிறது தோல் தொழில் பகுதி. அங்கே ஒரு ஷூ கம்பெனி புதிதாக முந்நூறு பேரை வேலைக்கு எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தையல் பிரிவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அடையாள அட்டை, ஈ.எஸ்.ஐ. எண், பி.எஃப். கணக்கு என்று வழக்கமாகக் கொடுப்பவற்றோடு இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. சம்பளச் சீட்டு பார்க்க, லீவு போட ஒரு லாகின். ஹெச்.ஆர். அனுப்பும் எக்செல் பட்டியல் சிஸ்டம் அட்மினின் மேசைக்கு வந்து சேரும்: முந்நூறு யூசர்நேம், முந்நூறு பாஸ்வேர்டு, நாளைக் காலைக்குள். முதலாமாண்டு சேர்க்கை முடிந்ததும் வேலூர் வட்டாரக் கல்லூரிகளில் இதே வேலை ஆயிரக்கணக்கில் வரும்.

இயந்திரத்தைப் பொறுத்தவரை இது சின்ன வேலை. லினக்ஸ் சர்வர்களில் இதற்கென்றே கட்டளை உண்டு. ஒரு வரிக்கு ஒருவர் வீதம் யூசர்நேம், முக்காற்புள்ளி, பாஸ்வேர்டு என்று எழுதிய கோப்பைக் கொடுத்தால் அத்தனை கணக்குகளுக்கும் ஒரே மூச்சில் பாஸ்வேர்டைப் பதித்துவிடும். விண்டோஸிலும் பத்து வரி ஸ்கிரிப்ட் போதும். சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. கோப்பில் உள்ள பாஸ்வேர்டு எப்படி உருவானது, அது யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்பதில்தான் அட்மினின் திறமை தெரியும்.

நம் ஊரில் பரவலாக உள்ள வழக்கம், பிறந்த தேதியையே முதல் பாஸ்வேர்டாக வைப்பது. பட்டியலில் அது ஏற்கெனவே இருக்கிறது. யாருக்கும் தனியாகச் சொல்லவும் வேண்டியதில்லை. எட்டு இலக்கம் என்பதால் பார்க்கவும் நீளமாக இருக்கும். கணக்குப் போட்டால்தான் உண்மை தெரியும். 18 வயது முதல் 58 வயது வரை உள்ளவர்கள் பிறந்திருக்கக்கூடிய நாட்கள் மொத்தம் 14,610. கல்லூரி முதலாமாண்டு என்றால் பெரும்பாலோர் இரண்டே ஆண்டுகளுக்குள் பிறந்தவர்கள்; ஆக, சுமார் 730 தேதிகள். அதே எட்டு இலக்கத்தை யோசிக்காமல் குலுக்கிப் போட்டிருந்தால் பத்துக் கோடி விதம் கிடைத்திருக்கும். போதாததற்கு, பிறந்தநாள் ரகசியமும் அல்ல. வாழ்த்து ஸ்டேட்டஸ் பார்த்த எல்லோருக்கும் தெரியும். இ-ஆதார் பி.டி.எஃப். கோப்புக்கும் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் பாஸ்வேர்டு. அந்தக் கோப்பை ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

சரி, கம்ப்யூட்டரையே குலுக்கச் சொன்னால்? அங்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. யூனிக்ஸ் பிறந்த பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் மோரிஸ், கென் தாம்ப்ஸன் இருவரும் 1979-ல் பாஸ்வேர்டு பாதுகாப்பு பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் ஒரு சம்பவம் வருகிறது. ஒரு கணினி மையத்தில் பயனர்களுக்கு இயந்திரமே பாஸ்வேர்டு தயாரித்துக் கொடுத்தது. சிறிய ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து எட்டு இடங்கள். மொத்தம் சுமார் 2.8 லட்சம் கோடி விதங்கள். அன்றைய இயந்திரத்தில் ஒவ்வொன்றாகச் சோதித்தால் 112 ஆண்டுகள் ஆகும். ஆனால் அந்த எழுத்துகளைக் குலுக்கிய நிரலுக்குத் தொடக்க எண்கள் 32,768 மட்டுமே. ஒரு தொடக்க எண்ணுக்கு ஒரு பாஸ்வேர்டு. ஊடுருவ நினைத்தவர் 32,768 பாஸ்வேர்டுகளையும் தானே தயாரித்துச் சோதித்துப் பார்த்தார். அதற்கு ஆன இயந்திர நேரம் ஒரே ஒரு நிமிடம்.

பார்வைக்குத் தாறுமாறாக இருப்பதும் கணிக்க முடியாததாக இருப்பதும் வேறு வேறு. சாதாரண ரேண்டம் நிரல் ஒரு தொடக்க எண்ணை வைத்துக்கொண்டு மீதியை வாய்ப்பாடு போல உருட்டித் தருகிறது. விளையாட்டுக்கும் புள்ளியியலுக்கும் அது போதும், பாஸ்வேர்டுக்குப் போதாது. அதனால்தான் பைத்தான் மொழியில் 'ரேண்டம்' இருந்தும், 2016-ல் 'சீக்ரெட்ஸ்' என்ற தனித் தொகுப்பைச் சேர்த்தார்கள். அது வன்பொருள் நிகழ்வுகளிலிருந்து இயங்குதளம் திரட்டி வைத்திருக்கும் கணிக்க முடியாத தன்மையைப் பயன்படுத்திக்கொள்கிறது. அலுவலகங்களில் பலர் எக்செல்லிலேயே ரேண்டம் சூத்திரம் போட்டு வேலையை முடிப்பார்கள். அதில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஷீட்டில் எந்தக் கட்டத்தைத் திருத்தி எண்டர் தட்டினாலும் சூத்திரம் உள்ள எல்லாக் கட்டங்களும் புதிதாகக் குலுங்கும். அச்சடித்துக் கொடுத்த சீட்டில் ஒன்று, சர்வருக்கு ஏற்றிய பட்டியலில் வேறொன்று என்றாகிவிடும். மறுநாள் முந்நூறு பேரும் ஐ.டி. அறை வாசலில் நிற்பார்கள்.

சர்வருக்குள் போன பாஸ்வேர்டு அங்கே அப்படியே இருப்பதில்லை, இருக்கவும் கூடாது. அதை ஒரு கணிதச் செயலுக்குள் விட்டு, வெளியே வரும் 'ஹாஷ்' என்ற நீண்ட குறியீட்டை மட்டும் சேமிப்பார்கள். பச்சைத்தோலைப் பதனிட்டுவிட்டால் அதைத் திரும்பப் பச்சைத்தோலாக்க முடியாதல்லவா, ஹாஷும் அப்படித்தான்: ஒருவழிப் பாதை. பாஸ்வேர்டை மறந்துவிட்டேன், பழையதைச் சொல்லுங்கள் என்று கேட்டால் நல்ல அட்மினால் சொல்ல முடியாது. புதிதாகத்தான் கொடுக்க முடியும். எந்தச் சேவையாவது உங்கள் பழைய பாஸ்வேர்டையே மின்னஞ்சலில் அனுப்பினால், அங்கே அது ஹாஷ் ஆகாமல் கிடக்கிறது என்று பொருள். இரண்டு பேர் ஒரே பாஸ்வேர்டு வைத்தாலும் ஹாஷ் வேறாக இருக்க, ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு துணுக்கைச் சேர்ப்பார்கள். அதன் பெயர் 'சால்ட்'. மோரிஸும் தாம்ப்ஸனும் விளக்கிய உத்தி இது. 2012-ல் லிங்க்ட்இன் நிறுவனத்திலிருந்து கசிந்த 65 லட்சம் ஹாஷ்களில் சால்ட் இல்லை. அதனாலேயே அவற்றை உடைப்பது சுலபமாக இருந்தது.

இனி மனிதர்களுக்கு வருவோம். பூஜ்யமும் ஆங்கில 'ஓ'வும், ஒன்று என்ற எண்ணும் சிறிய 'எல்'லும் அச்சில் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே குழப்பம் தரும் எழுத்துகளை முதலிலேயே விலக்கிவிட வேண்டும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தமிழோடு உருதுவும் புழங்குகிறது. ஆங்கில எழுத்துகளைத் தினமும் தொடாதவர்கள் ஏராளம். அவர்களிடம் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, நட்சத்திரக் குறி என்று கலந்து கொடுத்தால் பக்கத்தில் இருப்பவரிடம் சீட்டை நீட்டி அடிக்கச் சொல்வார்கள். பாதுகாப்பு அந்த இடத்திலேயே போய்விட்டது. முதல் லாகினுக்கு மட்டும், நன்றாகக் குலுக்கிய எட்டு எண்கள் கொடுக்கலாம். ஐந்து முறை தவறினால் கணக்குப் பூட்டிக்கொள்ளட்டும், மூன்று நாளில் எண் காலாவதியாகட்டும். சீட்டின் பின்புறம் தமிழிலும் உருதுவிலும் நான்கு வரி விளக்கம் இருக்கட்டும். இதுவே என் கட்சி.

கையில் சேர்ப்பதற்கு வங்கிகள் கண்டுபிடித்த வழி அழகானது. முன்பு ஏ.டி.எம். அட்டையோடு வந்த பின் நம்பர் உறையை நினைத்துப் பாருங்கள். உறையை ஒட்டி மூடிய பிறகுதான் உள்ளே எண் அச்சாகும்! டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் ரிப்பனைக் கழற்றிவிட்டு ஓட்டுவார்கள். ஊசிகள் உறையின் மேல் தட்டும். வெளியே மை படாது. உள்ளே இருக்கும் கார்பன் மட்டும் எண்ணைத் தாளில் பதிக்கும். அச்சடித்தவருக்கே எண் தெரியாது. உறை கிழிந்திருந்தால் வாடிக்கையாளர் வாங்க மறுக்கலாம்.

மொத்தமாக ரீசெட் செய்ய நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியின் கீசன் நகரப் பல்கலைக்கழகம் சாட்சி. 2019 டிசம்பரில் தீநிரல் தாக்குதலுக்கு ஆளான அந்தப் பல்கலைக்கழகம், சுமார் 38,000 பேரின் மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்ற வேண்டியிருந்தது. பாஸ்வேர்டை நேரில்தான் தர வேண்டும் என்பது அந்நாட்டுக் கல்வி வலைப்பின்னலின் விதி. உடற்பயிற்சிக் கூடத்தில் வரிசை நின்றது; பேராசிரியரும் மாணவரும் அடையாள அட்டையைக் காட்டித் தாளில் அச்சடித்த பாஸ்வேர்டை வாங்கிப் போனார்கள். சிலர் சிரித்தார்கள். எனக்கு அதில் சிரிக்க எதுவும் தெரியவில்லை. மின்னஞ்சலே களவு போயிருக்கக்கூடும் என்ற சந்தேகத்தில் புதிய பாஸ்வேர்டை மின்னஞ்சலில் அனுப்ப முடியாது.

கொடுத்த பாஸ்வேர்டை முதல் லாகினிலேயே மாற்றச் செய்வதும் அட்மினின் பொறுப்பு. லினக்ஸிலும் விண்டோஸிலும் 'கடைசியாக மாற்றிய நாள்' என்ற இடத்தில் 0 என்று வைத்தால் போதும். மாற்றாமல் உள்ளே விடாது. அதன் பிறகு அட்மினுக்கும் அது தெரியாது. ஆனால் மூன்று மாதத்துக்கொரு முறை எல்லோரும் கட்டாயமாக மாற்ற வேண்டும் என்ற பழைய விதியை அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமே 2017-ல் வேண்டாம் என்றது. கட்டாயப்படுத்தினால் மக்கள் ஆம்பூர்1, ஆம்பூர்2 என்று எண்ணைத்தான் கூட்டுகிறார்கள். கசிவு என்று சந்தேகம் வந்தால் மாற்றினால் போதும்.

ஒரு கவலை மட்டும் எனக்குத் தீரவில்லை. பாஸ்வேர்டு மறந்தால் ஓ.டி.பி. வருவது பதிவு செய்த போனுக்கு. பி.எஃப். கணக்கிலும் அப்படித்தான். தையல் பிரிவில் உழைக்கும் பெண்ணின் கணக்கில் கணவரின் எண்ணோ அண்ணனின் எண்ணோ இருந்தால், கணக்கின் சாவி அவர் கையில் இல்லை. பிரவுசிங் சென்டர்க்காரரே பாஸ்வேர்டு வைத்துத் தன் நோட்டில் குறித்துக்கொண்டாலும் அதே நிலைதான். அட்மின்களுக்கும் ஹெச்.ஆர். அலுவலர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த பட்டியல் வரும்போது பிறந்த தேதியைப் பாஸ்வேர்டாக்காதீர்கள், ஒவ்வொருவரிடமும் அவருடைய சொந்தப் போன் எண்ணைக் கேட்டு எழுதுங்கள், சொந்தப் போன் இல்லாதவர் நேரில் வந்து அடையாள அட்டையைக் காட்டி ரீசெட் செய்துகொள்ள ஷிப்ட் முடியும் நேரத்தில் ஒரு மேசை போடுங்கள்.