ஏழையின் நாணயம்

கடன்பட்ட குடியானவனுக்குத் தருமம் செய்வது நன்றோ, அவன் தானே தலைநிமிர வழி காட்டுவது நன்றோ? ஜெர்மனி தேசத்து ரைபைசனின் அனுபவம் இதற்குத் தக்க விடை கூறும்.

1846-47-ல் பஞ்சம் நேர்ந்தபொழுது, வையர்புஷ் கிராமத் தலைவராயிருந்த அவர், தனவந்தரின் உதவியைத் திரட்டி ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்கச் செய்தார். 1854-ல் ஹெடஸ்டார்பில் அவர் கண்ட சங்கமும் செல்வரின் தரும சிந்தையையே நம்பி நின்றது. அவ்வுற்சாகமோ நாளடைவில் குன்றிற்று. ஆகவே 1864-ல் கடன் வாங்குவோரையே அங்கத்தினராக்கிப் புதிய சங்கம் நிறுவினார். ஈடு வைக்க ஏதுமற்றவனுக்கு நன்னடத்தையும் அயலாரின் ஜாமீனுமே ஈடாயின. சங்கத்தின் கடனுக்கு ஒவ்வொருவரும் தம் முழு ஆஸ்தியையும் கொண்டு பொறுப்பேற்றனர். எனவே, வாங்கிய பணம் உரிய காரியத்திற்கே செலவாகிறதா என்று அங்கத்தினர் அனைவரும் கண்காணிக்கலாயினர்.

சென்னை மாகாண அரசாங்கத்தின் பொருட்டு இதை ஆராய்ந்த பிரெடரிக் நிக்கல்ஸன், 1890-களில் இம்முறையையே சிபாரிசு செய்தார். 1904-ல் சட்டம் பிறந்தது; அவ்வாண்டே திருவள்ளூரை அடுத்த திரூரில் சங்கம் தோன்றிற்று. இத்தகைய சங்கங்களுக்குத் தமிழில் வழங்கிய "ஐக்கிய நாணய சங்கம்" என்னும் பெயர் பொருள் பொதிந்தது. காசும் நாணயம்; சொல் தவறாமையும் நாணயம்.

இப்பொருளை மறந்தால் சங்கம் வெறும் சர்க்கார் கடன் காரியாலயமாகிவிடும். அரசாங்கம் கணக்கைத் தணிக்கை செய்யட்டும். நிர்வாகத்தை அங்கத்தினரிடமே விடட்டும். அங்கத்தினரும் தேர்தல்தோறும் தள்ளுபடியை எதிர்நோக்காமல் தவணையைச் செலுத்தட்டும். சுயராஜ்யம் டில்லியில் மட்டும் இருந்தால் போதாது. கிராமத்துப் பணப்பெட்டியிலும் இருத்தல் வேண்டும்.