கடைந்த மோரும் கலக்கிய மோரும்

அன்று மோர் முந்தைய நாள் மாலையிலேயே தொடங்கிவிடும் வேலை. கறந்த பாலை மண்சட்டியில் ஊற்றி, வறட்டிக் கனலில் வைத்துவிடுவார்கள். பொங்கி வழியாமல் மெல்லக் காய்ந்து, மேலே ஆடை தடித்து, பால் லேசாகச் சிவந்து வரும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் ஒரு கரண்டி உறைமோர் விட்டு, பூனைக்கு எட்டாமல் சட்டியை உறியில் ஏற்றிவிடுவார்கள். விடிவதற்குள் தயிர் தோய்ந்திருக்கும்.

வெயில் ஏறுமுன் மத்து இறங்கும். தூணோடு பிணைத்த மத்தில் கயிற்றைச் சுற்றி, ஒரு கை இழுக்க மறு கை விட, என் ஆச்சி கடையும்போது பானைக்குள் எட்டிப் பார்க்கமாட்டார். சத்தமே போதும் அவருக்கு. தயிர் உடையும்போது கனத்த சத்தம். நுரை எழும்பியதும் அது அமுங்கிப்போகும். பிறகு திடீரென்று தண்ணீர் சளசளக்கும். வெண்ணெய் திரண்டுவிட்டது என்று அர்த்தம். மத்தின் இதழ்களில் கடுகு கடுகாக மஞ்சள் மணிகள் ஒட்டியிருக்கும். ஒரு செம்பு குளிர்ந்த தண்ணீரைத் தெளித்து, வேகத்தைக் குறைத்து மத்தை அசைத்தால் மணிகள் ஒன்றுசேர்ந்து உருண்டையாகும். நனைத்த கையால் அதை வழித்தெடுத்த பிறகு பானையில் நிற்பதுதான் மோர்.

விடிகாலை நேரத்துக்கும் காரணம் இருந்தது. கொழுப்பு அதிகம் இளகினால் திரளாமல் மோரிலேயே தங்கிவிடும். அதிகம் இறுகினாலோ மணிகள் ஒன்றோடொன்று ஒட்டா. அதனால்தான் கோடையில் பானைத் தண்ணீரும் மார்கழியில் வெதுவெதுப்பான தண்ணீரும் சேர்த்தார்கள். வெப்பமானி இல்லாத அடுக்களையில் விரல்நுனியே அந்தக் கணக்கைப் போட்டது.

இவ்வளவு பாடும் மோருக்காகப் பட்டதல்ல, நெய்க்காக. பால் அரை நாளில் திரிந்துவிடும்; தயிர் புளித்துவிடும். மாதக்கணக்கில் கெடாமல் சந்தைவரை போகக்கூடியது நெய் ஒன்றுதான். மாட்டின் வருமானம் நெய்க்குள்தான் இருந்தது. பெரும்பாணாற்றுப்படை என்ற சங்கப் பாட்டில் வரும் ஆய்மகளும் இந்தக் கணக்கு அறிந்தவள். மோர் விற்று வந்ததைக் கொண்டு உறவினரை உண்பிக்கிறாள். நெய்க்குப் பொன்னை வாங்காமல் எருமையும் பசுவும் கன்றுமாகப் பெற்றுக்கொள்கிறாள். மோர் அன்றன்றைய சோற்றுக்கு, நெய் நாளைய செல்வத்துக்கு.

எங்கள் ஊரிலோ அன்று மோருக்கு விலையே கிடையாது. வெண்ணெய் எடுத்த பானையில் ஒரு வீட்டுக்கு வேண்டியதைவிட எப்போதும் அதிகமாகவே மோர் இருக்கும். மறுநாளுக்கு வைத்தால் புளிக்கும். எனவே கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தது. "ஆச்சி, ஒரு செம்பு மோர் தாங்க" என்று வருகிறவர்கள் கூச்சப்பட்டதில்லை. விளக்கு வைத்த பிறகு மோர் கொடுக்கக்கூடாது என்ற நம்பிக்கை இருந்ததால் பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவார்கள். ஒரு வீட்டில் உறைமோர் கெட்டுப்போனால் அடுத்த வீட்டிலிருந்து வரும். தெரு முழுக்க ஒரே தயிரின் வம்சம்.

ஆனால் எல்லாருக்கும் அது ஒரே மாதிரி கிடைக்கவில்லை. வயலில் உழைத்தவர்களில் பலர் வாசலுக்கு வெளியே நின்று, தூக்கி ஊற்றிய மோரைக் கையேந்திக் குடிக்க வேண்டியிருந்தது. கயிறு இழுத்துக் காய்த்துப்போன பெண்களின் கைகளை யாரும் கவனித்ததும் இல்லை. பழைய மோரின் மணத்தைப் பேசுகிறவர்கள் இவ்விரண்டையும் சேர்த்தே பேச வேண்டும்.

பிறகு பாலே தொலைதூரம் போகத் தொடங்கியது. 1970-ல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது. 1981-ல் தமிழ்நாடு கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர்கள் இணையம் உருவாகி, அதன் ஆவின் பால் வீட்டு வாசலுக்கு வந்தது. கிராமத்துச் சங்கத்தில் காலையும் மாலையும் பாலை அளந்து, கொழுப்பைச் சோதித்துக் காசு கொடுத்தார்கள். குளிர்பதனம் வந்தபின் பாலைக் காப்பாற்ற நெய்யாக்க வேண்டிய தேவையே போய்விட்டது. மாடு வைத்திருப்பவர் வீட்டுக்கும் பாலாகவே விற்பது நல்ல வரும்படி. மத்தை மூலைக்கு அனுப்பியது சோம்பேறித்தனமல்ல, இந்தக் கணக்குதான்.

இன்று மோர் வேண்டுமென்றால் தயிரில் தண்ணீர் ஊற்றி மிக்ஸியில் ஓட்டுகிறோம். அரை நிமிட வேலை. நீலப் பாக்கெட்டில் வரும் சமன்படுத்திய பாலில் கொழுப்பு 3 சதவீதம். அதில் தோய்த்த தயிரைக் கலக்கும்போது அந்தக் கொழுப்பு அப்படியே உள்ளே இருக்கும். வெண்ணெய் பிரிந்த மோரோ தண்ணீர்போல் இறங்கும். நாக்கில் படியாது, புளிப்பு மட்டும் தங்கும். இஞ்சியும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் சேர்த்தால் கலக்கிய மோரும் ருசிக்கும்தான். பேருந்து நிலையத்தில் பாக்கெட் மோர் வாங்கி, யாரும் தூக்கி ஊற்றாமல் தானே திறந்து குடிக்க முடிவது பெரிய மாற்றம். அதை நான் மனதார வரவேற்கிறேன்.

நான் இழந்ததாக நினைப்பது மத்தை அல்ல, அந்த மிச்சத்தை. அளந்து வாங்கிய அரை லிட்டரில் யாருக்கும் எடுத்துக் கொடுக்க மிச்சமில்லை. சித்திரை வெயிலில் தெருமுனையில் நீர்மோர்ப் பந்தல் போடும்போதுதான் கேளாமலே கொடுக்கும் பழக்கம் கொஞ்சம் தலைகாட்டுகிறது.

அதை வீட்டுக்குள்ளும் மீட்கலாம். 6 சதவீதக் கொழுப்புள்ள பாலை வாங்குங்கள். 'ஹோமோஜினைஸ்டு' என்று அச்சிட்ட பாக்கெட் வேண்டாம். அதில் கொழுப்புத் துகள்களை நுணுக்கி விட்டிருப்பதால் ஆடை சரியாகப் படியாது. தினமும் காய்ச்சி ஆறிய பாலின் ஆடையை எடுத்து, உறைமோர் கலந்த கிண்ணத்தில் சேர்த்து, ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டே வாருங்கள். ஒரு வாரத்தில் கிண்ணம் நிறையும். ஓர் இரவு வெளியில் வைத்துப் புளிக்கவிட்டு, காலையில் ஐஸ் தண்ணீர் சேர்த்து மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் சூடேறி வெண்ணெய் இளகிவிடும். சத்தம் மாறும்போது நிறுத்திப் பார்த்தால் வெண்ணெய் மிதக்கும். அடியில் நிற்பது கடைந்த மோர்.

வெண்ணெயைக் காய்ச்சி நெய்யாக்கி வைத்துக்கொள்ளுங்கள். மோர் உங்கள் தேவையைவிட மிஞ்சும். ஒரு செம்பை அன்றே எதிர்வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுங்கள். அடுத்த முறை உங்கள் உறைமோர் கெட்டுப்போனால் தயங்காமல் அங்கே போய்க் கேளுங்கள்.