ஜிஎஸ்டி குறைந்தது, பில் மட்டும் ஏன் குறையவில்லை?

2025 செப்டம்பர் 22. ஷாம்பூ, டூத் பேஸ்ட், ஹேர் ஆயில், குளியல் சோப்புக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்த நாள். விருதுநகர் மாவட்டம் மல்லாங்கிணற்றில், வெப் ஆப் மூலம் பில் போடும் ஒரு மளிகைக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். நள்ளிரவே செட்டிங்ஸ் கோப்பில் 18-ஐ 5 என்று திருத்தியாயிற்று. ஆனால், காலையில் முதல் பில்லிலேயே 18 சதவீதம்! வரிக்கு முன் 100 ரூபாய் விலையுள்ள பொருளுக்கு 105 வாங்க வேண்டிய இடத்தில் 118. “அதான் வரியைக் குறைச்சுட்டாங்களே?” என்று வாடிக்கையாளர் கேட்டால் கடைக்காரர் என்ன சொல்வார்?

கோப்பு சரிதான். அதை ஆப் படிக்கும் விதத்தில்தான் கோளாறு.

கிணறா, குழாயா?

வரி விகிதம், டேட்டாபேஸ் முகவரி போன்றவற்றை கோடிங்கிலேயே எழுதிவிட்டால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆப்பை மறுபடி பில்ட் செய்ய வேண்டும். அதனால்தான் தனிக் கோப்பு. மைக்ரோசாஃப்ட்டின் ஏஎஸ்பி டாட் நெட் கோரில் அது ‘ஆப்செட்டிங்ஸ் டாட் ஜேசன்’.

அதைப் படிக்க இரண்டு வழிகள் உண்டு. கிணற்றைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஊர் என்பதால், தண்ணீரை வைத்தே பார்ப்போம். டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன் என்பது குழாய்த் தண்ணீர். கேட்கும் கிளாஸுக்கு ஃபிரேம்வொர்க்கே கொண்டுவந்து கொடுத்துவிடும். ஸ்டாட்டிக் கிளாஸ், பழைய கோடு போன்ற இடங்களுக்கு அந்தக் குழாய் எட்டாது. அங்கே நாமே போய் இறைக்க வேண்டியதுதான்: ‘கன்ஃபிகரேஷன் பில்டர்’ ஒன்றை உருவாக்கி, ஃபோல்டரைக் காட்டி, ஜேசன் கோப்பைச் சேர்த்து, ‘பில்ட்’ செய்ய வேண்டும். அவ்வளவுதான். இது தப்பான வழி இல்லை. ஆனால், கவனம் தேவை.

கோட்டை விடுவது எங்கே?

* கோப்பைச் சேர்க்கும்போது ‘ரீலோட் ஆன் சேஞ்ச்’ என்பதற்கு ‘ட்ரூ’ கொடுக்க வேண்டும். நாமே பில்டர் எழுதும்போது, சொல்லாமல் விட்டால் அது ‘ஃபால்ஸ்’தான்.

* ஆப் தொடங்கும்போதே மதிப்பை எடுத்து ஸ்டாட்டிக் வேரியபிளில் போட்டுவிட்டால், அது குடத்தில் பிடித்துவைத்த தண்ணீர். கிணற்றில் புதுசு ஊறினாலும் குடத்தில் இருப்பது பழசுதான்.

* கடைசியாகச் சேர்த்ததே ஜெயிக்கும். கோப்புக்குப் பிறகு என்விரான்மென்ட் வேரியபிள்களைச் சேர்த்திருந்து, அங்கே 18 என்று இருந்தால், கோப்பில் எதை மாற்றினாலும் பலன் இல்லை.

பழைய டாட் நெட் ஃபிரேம்வொர்க்கில் ‘வெப் டாட் கான்ஃபிக்’ கோப்பைத் திருத்தினால் ஆப் தானாகவே ரீஸ்டார்ட் ஆகும். அதில் பழகியவர்கள் இங்கேயும் அப்படித்தான் என்று நம்பி ஏமாறுவது உண்டு.

என்ன செய்யலாம்?

பில்டரை ஒரே ஒரு முறை, ஒரே இடத்தில் உருவாக்குங்கள். ஃபங்ஷனுக்கு ஒன்று என்று உருவாக்கினால் ஒவ்வொரு முறையும் கோப்பைத் திறந்து படிக்கும். ஊருக்கு ஒரு கிணறு போதும், வீட்டுக்கு வீடு தோண்ட வேண்டாம். ஆனால், வரி விகிதத்தைப் பில் போடும் ஒவ்வொரு முறையும் அதனிடமே கேளுங்கள்.

முக்கியமாக, மாற்றியதும் ஒரு சோதனை பில் போட்டுப் பாருங்கள். கோப்பில் 5 என்று இருப்பதல்ல, வாடிக்கையாளர் கைக்குப் போகும் பில்லில் 5 என்று வருவதுதான் கணக்கு.